நின்றுகொண்டே பார்த்த இறுதியாட்டம்

ஆட்டம் ஐந்து மணிக்கு. கண்ணாடியக்கா மூன்றரைக்கே கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் தேடறே?" உள்ளேயிருந்து கணவரின் குரல்.

"காயப்போட்ட துணியை எடுக்க வந்தேன்."

"காலையிலேயே எடுத்து மடிச்சாச்சு. நான்தான் மடிச்சேன்."

"அப்போ அதை மறுபடி மடிக்கணும். அதுக்கு முன்னால கொஞ்சம் காத்து வாங்கிக்கறேன்."

அவள் யாரைத் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான்கு நாட்களாக அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான், குழிக்குப் பக்கவாட்டில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தது.

கடைவீதி முனையிலிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். முப்பத்தைந்து வருடமாக அதே கடை, அதே எழுத்துப் பலகை, "இப்போ தெளிவாத் தெரியுதா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்ற அதே கேள்வி. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. அவள் கணவருக்குத் தெரு வைத்த பெயர் விசில். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் ஆறு நாள் ரயிலுக்கு விசில், ஏழாம் நாள் கால்பந்து மைதானத்தில் நடுவராக விசில். இரண்டு வேலைக்கும் அவர் வைத்திருந்தது ஒரே சட்டம்: "என் கண்ணால பார்க்காததுக்கு நான் விசில் ஊதமாட்டேன்."

இப்போது அவர் மெல்லிய துணியால் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வாங்கி அனுப்பிய பெரிய டிவி. அது வந்ததிலிருந்து ஆட்டக்காரர்களின் கழுத்து நரம்பும், காலுறையில் ஓடிய நூலும், மைதானத்தில் எந்த மூலையில் புல் சரியாகப் பிடிக்கவில்லை என்பதும் அந்த வீட்டாருக்கு அத்துப்படி.

"அதையே எத்தனை தடவை துடைப்பீங்க? தேய்ஞ்சிடப் போகுது."

"தூசி இருந்தா புல்லு பச்சையாத் தெரியாது."

"நீங்க துடைக்கற வேகத்துல புல்லே முளைச்சிடும்."

டிவிக்கு நேராக மூன்று இருக்கைகள். சோபாவில் அவர். சுவரோரம் முக்காலியில் அவள். அவர்களுக்கு நடுவே ஒரு பிரம்பு நாற்காலி. அது தம்பியுடையது. டிவி வந்த மூன்று வருடத்தில் எந்தப் போட்டித் தொடர் நடந்தாலும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் தம்பி வேலை முடிந்ததும் கைகழுவக்கூட நேரமில்லாமல் வந்து அந்த நாற்காலியில் விழுவான். சுவரில் டிவியை மாட்டியவனும் அவன்தான்.

அந்த நாற்காலி இன்றைக்கு எப்படி இருக்குமோ என்பதுதான் அவளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை தம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகிறான். மகன் அங்கே இருக்கிறான், அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. கட்டில் முதல் கரண்டி வரை கட்டி வைத்தாயிற்று. இந்தக் கோபத்தோடு அவன் வண்டி ஏறினால் அப்புறம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் முகம் பார்க்கலாம். கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

அரையிறுதி நாளில்தான் அது வெடித்தது. டிவி கொஞ்சம் உயரமாக இருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று மாமா சொன்னார் என்பதற்காக, தம்பி ட்ரில் மெஷினோடு வந்து நான்கு விரற்கடை கீழே இறக்கி மாட்டினான். பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டத்தில் ஒரு பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள்.

"பாருங்க மாமா! முடி அளவு தாண்டியிருக்கு. அதையும் கேமரா பிடிச்சிருச்சு. அன்னைக்கு மட்டும் இது இருந்திருந்தா..."

"இருந்திருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கும்."

"ஒரு முழம் உள்ளே போச்சு மாமா. கோல்கீப்பர் கையை விட்டு வெளியே இழுத்தான்."

"கோட்டு மேலதான் நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"அக்கா! நீ கார்னர் கொடிக்குப் பின்னாலதானே உட்கார்ந்திருந்தே? நீ சொல்லு!"

"எனக்கு உள்ளே வேலை இருக்கு."

முப்பத்தொரு வருடமாக இந்தக் கடைசி நான்கு வசனமும் இதே வரிசையில்தான் வரும். அப்போது தம்பிக்கு இருபத்து மூன்று வயது. எட்டாம் நம்பர் சிவப்புச் சட்டை. ஊர்க் கோப்பை இறுதியாட்டம். அந்த ஒரு கோல் விழுந்திருந்தால் துறைமுக டீமில் அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கோல் இல்லை என்று கையை வீசியவர் சொந்த அக்காள் புருஷன். அன்று ராத்திரியிலிருந்தே ஊர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது: மச்சினனுக்கே கோல் கொடுக்காத மனுஷன், அவர்தான்யா ரெஃப்ரி! அதற்குப் பிறகு பெரிய ஆட்டம் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ரயில்வேயில் அவருக்கு நடந்த பிரிவுபசாரத்தில்கூட ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கோலைப் பற்றித்தான் பேசினார்கள். தம்பி பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான்.

வழக்கமாக நான்காவது வசனத்தோடு எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அன்று தம்பி சிரிக்கவில்லை. ஊரை விட்டுப் போகிற நேரத்தில் மனசு எதையெல்லாம் கிளறுமோ.

"நீங்க பொய் சொல்றீங்க மாமா. உங்களுக்கு நேர்மையானவர்னு பேர் வேணும். அதுக்கு என் கோல்தான் கிடைச்சுது."

அவர் எழுந்தார். "என் வீட்ல உட்கார்ந்துகிட்டு என்னையே பொய்யன்கறியா? எழுந்து போடா."

அவன் போய்விட்டான். ட்ரில் மெஷினை மறந்து வைத்துவிட்டுப் போனான்.

இந்த நான்கு நாளில் அவள் ஆறு முறை போன் செய்தாள். முதல் ஐந்து முறை அவன் எடுக்கவில்லை. இன்று மதியம் எடுத்தான்.

"மேட்ச் பார்க்க வர்றியாடா?"

"எங்க வீட்லயும் டிவி இருக்கு."

"அது டிவியா? அதுல பந்து எது, பறவை எதுன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும். கண்ணு நல்லா இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"சரிடா ராசா. உன் மெஷின் இங்கே இருக்கு. அதையாவது வந்து எடுத்துக்கோ."

"பார்க்கலாம்" என்று வைத்துவிட்டான்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. அவள் சமையலறையிலிருந்து ஓடி வந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

வாசலில் தம்பி. சட்டையில் கிரீஸ் கறை. "மெஷினை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"உள்ளே வாடா."

"இல்லை. அவசர வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்னடா அவசரம்?"

"லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு."

"அவரை அப்படியே விட்டுட்டா இங்கே வந்தே?" என்றார் சோபாவிலிருந்து கணவர், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். நான்கு நாட்களில் அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. சுவரைப் பார்த்துப் பேசிய மாதிரிதான் இருந்தது.

தம்பியும் சுவருக்குத்தான் பதில் சொன்னான். "அவரை இறக்கி விட்டாச்சு."

அவள் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டவன் போயிருக்கலாம். அந்த நேரம் பார்த்து டிவியில் இரண்டு அணியும் வரிசையாக வெளியே வந்தன. சிவப்புச் சட்டை, வெள்ளைச் சட்டை. அவன் கால் வாசலைத் தாண்டி ஒரு தரைக்கல் தூரம் உள்ளே வந்தது.

"உட்காரு."

"உட்கார மாட்டேன். கிக்-ஆஃப் மட்டும் பார்த்துட்டுப் போறேன்."

கிக்-ஆஃப் முடிந்தது. முதல் கார்னர் முடிந்தது. இருபதாவது நிமிடமும் முடிந்தது. அவன் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில், கையில் ட்ரில் மெஷினோடு, சுவரைத் துளைக்க வந்தவன் இடம் தேடுவது போல நின்றுகொண்டிருந்தான். அவளாலும் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பினாள். ஜன்னல் திரையை இழுத்தாள், திறந்தாள்.

"வெளிச்சம் விழுது, மூடு" என்றார் கணவர்.

மூடினாள்.

"காத்தே வரலை அக்கா" என்றான் தம்பி.

திறந்தாள்.

"உனக்கு என்னதான் ஆச்சு? ஒரு இடத்துல உட்காரேன்."

"நிக்கறவனை உட்காரச் சொல்லுங்க. நான் உட்கார்றேன்."

"வந்தவங்களுக்குக் கால் வலிச்சா உட்காருவாங்க. நான் என்ன, கையைப் பிடிச்சா நிறுத்தி வச்சிருக்கேன்?"

"போகச் சொன்ன வீட்ல எப்படி மாமா உட்கார்றது?"

இடைவேளை வந்தது. கோல் இல்லை. இடைவேளையிலும் அவன் நின்றான். அவள் டீ கொண்டுவந்தாள். மெஷினைக் கீழே வைக்காமல் ஒரு கையால் டீ குடித்தான். இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டது எல்லாம் அவள் வழியாகத்தான்.

"அக்கா, வெள்ளைச் சட்டைக்காரங்க லெஃப்ட் சைடு காலியா இருக்குன்னு சொல்லு."

"அவன்கிட்ட சொல்லு, அது காலி இல்லை, பொறி."

"நான் என்ன தபால்காரியா? உங்க ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு."

எழுபத்திரண்டாம் நிமிடத்தில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் பெனால்டி பெட்டிக்குள் விழுந்தான். கூட்டம் கத்தியது. நடுவர் விசில் ஊதவில்லை, ஆட்டத்தை ஓடவிட்டார். பிறகு காதில் கையை வைத்து யார் சொல்வதையோ கேட்டார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானத்தின் ஓரத்தில் வைத்திருந்த திரையை நோக்கி ஓடினார்.

"பெனால்டி!" என்றான் தம்பி. "காலை வாரிட்டான். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"பந்தைத்தான் எடுத்தான். ரெஃப்ரி பக்கத்துலதான் நின்னான். பார்த்துட்டுத்தான் விட்டான்."

கேமரா நடுவரின் முகத்துக்குப் போனது. டிவி முழுக்க அந்த முகம். மேலுதட்டில் வியர்வை, தொண்டையில் ஏறி இறங்குகிற எலும்பு, திரையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணம் பக்கவாட்டில் போய்த் திரும்பிய கண்.

கண்ணாடியக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் கை திரைச்சீலையிலேயே நின்றுவிட்டது.

"அவன் பார்க்கலை" என்றாள்.

"யாரு?"

"அந்த ரெஃப்ரி. அவன் விழுந்தப்போ இவன் பார்க்கலை. வேற எங்கேயோ பார்த்துட்டிருந்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ ஜன்னல் திரையை இழுத்துட்டுல்ல இருந்தே?"

"முகத்தைப் பார்த்தாத் தெரியுது. தினம் கடையில நாலு பேரு வர்றாங்க. கீழ் வரியைப் படிங்கன்னா தெரியலைன்னு சொல்ல மாட்டாங்க. வெட்கம். குத்துமதிப்பா ஒரு எழுத்தைச் சொல்லுவாங்க. சொல்றதுக்கு முன்னால கண்ணு ஒரு தடவை ஓரத்துக்குப் போயிட்டு வரும். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கும். அப்புறம் ரொம்பத் தைரியமாச் சொல்லுவாங்க. பார்த்துப் படிக்கறவன் அவ்வளவு தைரியமாச் சொல்ல மாட்டான்."

"நாலு பேரை வச்சு நீயே ஒரு சட்டம் எழுதிடுவியே."

"கடையில நாலு பேரு" என்றாள் அவள். "வீட்ல ஒருத்தர்."

கணவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். நாற்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"வீட்ல யாரு அக்கா?" என்றான் தம்பி.

இவ்வளவு தூரம் தானே வந்தாயிற்று, மீதியை அவர்தான் நடக்க வேண்டும் என்பது போலக் கணவரைப் பார்த்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததை மாட்டிக்கொள்ளாமல் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் வைத்தார்.

"நான் பார்க்கலைடா."

"எதை?"

"அன்னைக்கு. உன் பந்தை. தாண்டிச்சா, நின்னுச்சா, எதையும் நான் பார்க்கலை."

தம்பி மெஷினை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "பின்னே எங்கே பார்த்துட்டிருந்தீங்க? வானத்தையா?"

"உங்க அக்காவை."

"என்ன?"

"எட்டு மாசம் அவளுக்கு. வராதேன்னேன், தம்பி ஆடறான்னு வந்து உட்கார்ந்தா. நீ பந்தை எடுத்துக்கிட்டு உள்ளே போறே. அந்த நேரம் பார்த்து இவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்துட்டா. எனக்கு உசிரே கையில வந்துருச்சு. ஒரு தடவைதான் திரும்பினேன். இவ ஒண்ணுமில்லைன்னு கையை ஆட்டினா. நான் மறுபடி திரும்பறதுக்குள்ள பந்து கோல்கீப்பர் கையில. நீ ரெண்டு கையையும் தூக்கிட்டு என்னைப் பார்த்து ஓடி வர்றே."

"கால் மரத்துப் போச்சுடா" என்றாள் அவள் மெதுவாக. "அதான் எழுந்தேன்."

"கால் மரத்துப் போச்சா! உன் கால் மரத்துப் போனதுக்கா துறைமுக டீம் போச்சு எனக்கு?" தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான், சுவரில் யாராவது நியாயம் சொல்ல நிற்கிறார்களா என்பது போல. "சரி மாமா, பார்க்கலை. அப்போ கோல்னே குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா மச்சினனுக்குக் குடுத்தான்னு பேசுவாங்க."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. அதுவும் அந்த நேரத்துல மனசுல ஓடிச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அதுக்கப்புறம் என் கண்ணால பார்த்தேன், என் கண்ணால பார்த்தேன்னு..."

"ஊரே சொல்லிச்சு. நானும் சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே பந்து கோட்டு மேல நிக்கற மாதிரி தெரியும்."

தம்பி அக்காளிடம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும். அந்த நேரம் அவர் கண்ணும் என் கண்ணும்தானே முட்டிச்சு."

"அப்போ... நீயும் பந்தைப் பார்க்கலை!"

"பார்க்கலை."

"முப்பத்தொரு வருஷமா சாட்சி சாட்சின்னு உன்னைக் கூப்பிட்டுட்டிருக்கேன். சாட்சி பார்த்ததெல்லாம் புருஷன் மூஞ்சியை!"

அதைச் சொன்ன விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா என்னக்கா?"

"அவரைப் பார்த்து ஊரே சிரிச்சிருக்கும். சொல்லாம இருந்தா அடிபடறது நீ மட்டும்தானேன்னு நினைச்சுட்டேன். தப்புதான்டா."

"நான் மட்டும்தானே" என்று தம்பி திருப்பிச் சொன்னான்.

அவன் கதவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். போய்விடுவான். இதையும் கேட்டுவிட்டுப் போனால் திரும்பவே மாட்டான்.

அப்போது கீழ்வீட்டிலிருந்து ஒரு கத்தல் எழுந்தது. எதிர்வரிசையிலும் யாரோ தட்டைத் தட்டினார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் டிவியின் பக்கம் திரும்பினார்கள். பெனால்டி கொடுத்தார்களா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. சத்தமில்லாத திரையில் வெள்ளை அணியின் கோல்கீப்பர் தரையில் புரண்டு கிடந்தான். சிவப்புச் சட்டைகள் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரை நோக்கி ஓடின.

"என்னாச்சு? என்னாச்சு?" என்றார் கணவர், கண்ணைச் சுருக்கி.

"தெரியலை மாமா. போச்சு, பார்க்காம விட்டுட்டோம்!" தம்பி இரண்டு எட்டில் முன்னால் வந்தான். வந்த வேகத்தில், மூன்று வருடப் பழக்கத்தில், பிரம்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

கரக்.

அவன் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தான். ஒரு காது இல்லை. ஒரு வில்லை இரண்டாகப் பிளந்திருந்தது.

"அது என் கண்ணாடிதானே?" என்றார் அவர்.

"கண்ணாடியாத்தான் இருந்துச்சு."

"நாசமாப் போச்சு. எனக்கு எல்லாம் புகையாத் தெரியுது. ரீப்ளே போடறானா?"

"போடறான்."

"என்ன காட்டறான்?"

"பந்து கோட்டுகிட்ட இருக்கு. நிறுத்திக் காட்டறான்."

"தாண்டிச்சா?"

தம்பி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தான்.

"தாண்டிச்சாடா? நான்தான் பார்க்க முடியலைங்கறேனே. நீ பார்த்துச் சொல்லு."

"பொறுங்க மாமா. அவசரப்பட்டா விசில் ஊத முடியுமா?"

அவர் பொறுத்தார். கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்த கிழவர் மாதிரி, ஒன்றும் தெரியாத திரையை நேராகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். டிவியில் மேலிருந்து காட்டினார்கள், பக்கத்திலிருந்து காட்டினார்கள். வெள்ளைக் கோடு, பச்சைப் புல், பந்தின் ஓரத்தில் ஒட்டிய ஈர மண்கூடத் தெரிந்தது. தம்பி எல்லாவற்றையும் பார்த்தான். மாமாவைக் காக்கவைத்தான். கண்ணாடியக்கா அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓரத்துக்குப் போகவில்லை.

"முழுசாத் தாண்டலை" என்றான் கடைசியில். "நகத்தளவு கோட்டு மேல ஒட்டிட்டிருக்கு. கோல் இல்லை."

"யாரோட பந்து?"

"எங்க சிவப்புதான். பாழாப் போறவன், கொஞ்சம் அழுத்தி அடிச்சிருக்கக் கூடாது?"

"நல்லாப் பார்த்தியா?"

"என் கண்ணால பார்த்தேன் மாமா." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அன்னைக்கு அடிச்சது கோல்" என்றான்.

"அது எனக்குத் தெரியாது."

"அதைத்தான் நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றார் அவர்.

திரையில் நடுவர் தலையை ஆட்டி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். தம்பி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைத் திறந்தான். கூட்டத்தின் இரைச்சல் அறைக்குள் வந்து நிறைந்தது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"அக்கா, இதைச் சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?" உடைந்த கண்ணாடியை நீட்டினான்.

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "புது வில்லை போடணும். புதன்கிழமை சாயங்காலம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீதான் வந்து பார்த்துச் சொல்லணும்."

"இதோட மேட்ச் முடிஞ்சுதே அக்கா."

"அப்போ செய்தி பார்த்துச் சொல்லு."

"கார்னரா அது?" என்றார் கணவர்.

"கார்னர்தான் மாமா. வலது பக்கம். ஒரு மொட்டைத் தலைக்காரன் அடிக்க வர்றான்."

கண்ணாடியக்கா உருண்டு கிடந்த முக்காலியை நிமிர்த்திப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள். காலில் செருப்பு இன்னும் இருந்தது.